பானெட்டுக்குள் துரு: தேய்ப்பதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

கடலை ஒட்டிப் பட்டறை வைத்திருப்பவனுக்குத் துரு தினசரி விஷயம். சென்னையில் திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில், வாங்கி மூன்று வருடம் ஆவதற்குள்ளேயே பானெட்டைத் திறந்தால் நட்டு போல்ட்டெல்லாம் செங்காவி பூசியது போல இருக்கும். உரிமையாளர் பதறிப்போய் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "இன்ஜின் போயிடுச்சா?" என்று கேட்பவர்களும் உண்டு.

போகாது. மேலாக ஏறிய துருவால் இன்ஜின் போனதாக நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் துருவைப் பார்த்த பயத்தில் செய்யும் வேலைகளால் கெட்டுப்போன வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். எதைத் தொட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எதை உடனே மாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில், விட்டுவிட வேண்டியது. இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பில் செய்திருந்தால், புது வண்டியிலேயே சில வாரங்களில் காவி நிறம் ஏறிவிடும். சூடாகிச் சூடாகி ஆறும் பாகம் அது. கனமான வார்ப்பு என்பதால் அந்த மேல்துருவால் வண்டியின் ஆயுசுக்கும் ஒன்றும் ஆகாது. அழகுக்காகச் சாதாரண பெயிண்ட் அடித்தால் கருகி, காருக்குள் நாற்றம் வரும். அடித்தே ஆக வேண்டும் என்றால் வெப்பம் தாங்கும் சிலிக்கான் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். நான் அதையும் செய்யச் சொல்வதில்லை.

கடலோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்பார்கள். காற்றில் வரும் உப்புத் தூள் பாகங்களின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். சென்னையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் போல்ட் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. இது போதாதென்று அபார்ட்மென்ட் போர்வெல் தண்ணீர் வேறு. நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை வாளியில் பிடித்து, "இன்ஜினையும் கழுவிடுப்பா" என்று சொல்லி, வாரா வாரம் நாமே உப்பை ஊற்றுகிறோம். கழுவத்தான் வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

உப்புக்காற்று எல்லாப் பாகத்தையும் ஒரே மாதிரி மங்கலாக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் துரு அடர்த்தியாக இருக்கிறதென்றால் அங்கே ஏதோ சொட்டுகிறது என்று அர்த்தம். நான் சொல்லவருவதில் முக்கியமானது இதுதான்.

வயதான ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். "தம்பி, இந்தக் கறுப்பு டப்பா மேல பெயிண்ட் உரியுது பாரு. ஒரு ஸ்ப்ரே அடிச்சு விட்டுடு" என்றார். அவர் காட்டியது பிரேக் பூஸ்டர், பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம். மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் வந்து உட்காரும் முன்பக்கத்தில், அதுவும் கீழ்நோக்கி ஒரு கோடாக மட்டும், பெயிண்ட் தோல் தோலாக எழும்பி, அடியில் ஈரமான துரு.

"பிரேக் ஆயில் எப்பவாவது ஊத்துனீங்களா சார்?"

"கொறஞ்சிருந்துச்சுன்னு ரெண்டு தடவை ஊத்தினேன். ஏன்?"

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். பெயிண்ட் போன தகட்டில் துரு ஏறும். அந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கசிந்துகொண்டிருந்தது. அவர் கேட்டபடி கறுப்பு ஸ்ப்ரே அடித்துக் கொடுத்திருந்தால், இருந்த ஒரே தடயமும் மறைந்து, பெடல் அடியில் போகிற அன்றுதான் விஷயம் தெரிந்திருக்கும்.

இதே கண்ணோடு மற்ற இடங்களையும் பாருங்கள். பேட்டரி தட்டில் துரு இருந்தால் அது அமிலக் கசிவு. முனைகளில் பூக்கும் வெள்ளையும் பச்சையுமான பொடி துரு இல்லை, அமிலத்தால் வரும் உப்பு. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரிக்குள் மட்டும் ஒரு சொட்டும் விழக்கூடாது. இன்ஜினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டின் மூலையில் துரு என்றால், வைப்பருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வடியும் துளையைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியாக இருந்தால் இலை மக்கி அடைத்திருக்கும். கூலண்டே பழுப்பாக இருக்கிறதா? குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியதன் பலன். வெளியே எதைத் தேய்த்தும் பயனில்லை, உள்ளே கழுவி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும்.

காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, பேட்டரியும் புதிது என்றால் எர்த் ஒயர் பாடியில் முடுக்கிய இடத்தைக் கழற்றிப் பாருங்கள். வாஷருக்கு அடியில் காகிதம் போல ஒரு துருப் படலம் இருந்தாலே கரண்ட் தடைபடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. அந்த இடத்தை வெள்ளையாகத் தேய்த்து, முடுக்கிவிட்டு, அதன் பிறகு மேலே வாசலின் தடவ வேண்டும். அங்கே முதலில் பெயிண்ட் அடித்துவிட்டு முடுக்குபவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

பிரேக் குழாயில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 4.75 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள அந்த இரும்புக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் நகத்தால் சுரண்டினால் காவித் தூள் மட்டும் வந்தால் துடைத்துவிட்டுக் கண்காணிக்கலாம். செதிலாக வந்தாலோ, குழி தட்டுப்பட்டாலோ குழாயை மாற்றுங்கள். தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம், தேய்க்கத் தேய்க்க இருக்கிற சுவரும் மெலியும்.

பேட்டரி தட்டு, ரேடியேட்டர் தாங்கி, பிராக்கெட், பானெட் கீல் போன்றவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் கப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். போல்ட்டின் மேல் துருவைத் தடுக்கவென்றே துத்தநாகப் பூச்சு இருக்கிறது. கப் ஒரு சுற்றுச் சுற்றினால் துருவோடு அதுவும் போய், அடுத்த மழைக்கு முன்பைவிட அதிகமாகக் காவியேறும். பித்தளை பிரஷ், பிறகு 120, 240 நம்பர் உப்புத்தாள், இவ்வளவே போதும். தூள், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் போகாமல் துணி போட்டு மூடுங்கள்.

உதிரும் துரு போனதும் தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அதிலுள்ள டானிக் அமிலம் மிச்சமிருக்கும் துருவோடு சேர்ந்து நீலம் பாய்ந்த கறுப்பாக மாறி இறுகும். செதில் துருவின் மேலோ எண்ணெயின் மேலோ பூசினால் பிடிக்காது. கறுத்ததோடு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், மேலே பிரைமரும் பெயிண்டும் வேண்டும். சுரண்டி முடித்த அன்றே பூசிவிடுங்கள். கடல் காற்றில் வெற்று இரும்பை ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி காவிதான். பெயிண்ட் அடிக்க முடியாத நட்டு போல்ட்டுக்கு மெழுகு கலந்த துருத் தடுப்பு ஸ்ப்ரே நல்லது. டபிள்யூடி-40 இறுகிய போல்ட்டை இளக்க உதவும், ஆனால் அதன் படலம் வெளியில் நிற்கும் வண்டியில் வெகுநாள் நிற்காது. எதை அடித்தாலும் பெல்ட்டிலும் மேனிஃபோல்டிலும் படக் கூடாது.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். துரு நொடியில் போகும், உண்மைதான். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இண்டு இடுக்கில் தங்கும் குளோரைடு மறுபடி துருவை வரவழைக்கும், பக்கத்திலிருக்கும் அலுமினியத்தையும் அரிக்கும். அதேபோல் சில வாட்டர் வாஷ் கடைகளில் இன்ஜின் மேல் டீசலைப் பீய்ச்சி அடிப்பார்கள். அன்றைக்கு மினுக்கும். ரப்பர் ஹோஸ் ஊறி உப்பும், தூசி ஒட்டும், தீப்பிடிக்கவும் வழி.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருட வண்டியில் பானெட்டுக்குள் எல்லாமே புதுக் கறுப்பில் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏகப்பட்ட வண்டிகள் மூழ்கின. ஃபியூஸ் பெட்டியின் அடியிலும், சீட் நகரும் தண்டவாளத்திலும் துருவோ வண்டலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, சேஸிஸ் நம்பர். சில வண்டிகளில் இன்ஜின் அறையின் பின் தகட்டிலோ சஸ்பென்ஷன் டவர் மேலோ பொறித்திருப்பார்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைத்தான் சரிபார்ப்பார்கள், பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். துரு என்று அங்கே உப்புத்தாள் போட்டு எழுத்து மங்கிவிட்டால், நம்பரைத் திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகம் வரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, மேலே மெல்லிசாக கிரீஸ் தடவி விட்டுவிடுங்கள்.