திரில்லர்: துளைக்கிற சொல்

'செம திரில்லர், கீழே வைக்க முடியல' என்று ஒரு நாவலைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். அதை நம்பி வாங்கிய இன்னொருவர் 'ஒரே ஜவ்வு, கொலைகாரன் யார்னு கடைசியிலதான் சொல்றாங்க' என்று திட்டுகிறார். இருவர் ரசனையிலும் பெரிய கோளாறு இருக்காது. நாவலும் நன்றாகவே இருக்கலாம். மர்ம நாவலுக்குத் திரில்லர் என்று பெயர் ஒட்டியதால் வந்த வினை இது.

பழைய ஆங்கிலத்தில் 'திர்லியன்' என்றால் துளையிடுதல். மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பாதியில் அந்த வேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈட்டி உடலைத் துளைப்பதைச் சொன்ன 'திரில்' என்ற வினை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உணர்ச்சி உள்ளத்தைத் துளைப்பதையும் சொல்லத் தொடங்கியது. கதைக்குப் பெயரானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அப்போது அதற்குப் போட்டியாக 'ஷாக்கர்' என்ற பெயரும் வழங்கியது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜான் பக்கன் 1915இல் வெளியான தன் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' நாவலை ஷாக்கர் வகை என்றே முன்குறிப்பில் சொல்கிறார். நம்பும்படி இல்லாத சம்பவங்கள், ஆனாலும் நடக்கக்கூடியதன் எல்லைக்குள் மயிரிழையில் நிற்பவை: அவர் தரும் இலக்கணம் இது.

நாம் மாற்றுச் சொல்லாகப் பயன்படுத்தும் 'மர்மம்' வேறு ஊர்க்காரர். வடமொழியில் மர்மன் என்றால் உடலில் அடிபட்டால் உயிர்போகும் இடம். வர்மக்கலையின் வர்மமும் அதுவே. மறைத்துக் காக்கவேண்டிய இடம் என்பதிலிருந்து இரகசியம் என்ற பொருள் வந்தது. ஆக, ஒரு சொல் துளைப்பதைச் சொல்கிறது, மற்றது துளைபடும் இடத்தை. நல்ல ஜோடிதான், ஆனால் ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

இரண்டையும் பிரிக்க எளிய வழி, கதையின் கேள்வி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிப்பது. மர்ம நாவலில் குற்றம் நடந்து முடிந்திருக்கும். யார், எப்படி, ஏன் என்று கேள்வி பின்னோக்கிப் போகும். திரில்லரில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. தடுக்க முடியுமா, தப்பிப்பார்களா என்று கேள்வி முன்னோக்கி ஓடும். கடைசி அத்தியாயத்தை யாராவது சொல்லிவிட்டால் முதல் வகை பெரும்பாலும் படுத்துவிடும். இரண்டாவது பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்துக்கொண்டதற்கு ஆகச் சிறந்த சாட்சி பிரெடெரிக் ஃபோர்சைத் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜக்கால்' (1971). பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டிகாலைக் கொல்ல அமர்த்தப்பட்ட வாடகைக் கொலையாளியின் கதை. டிகால் 1970இல் இயற்கையாக இறந்தவர் என்பதால் திட்டம் தோற்கும் என்று முதல் வாசகருக்கே தெரியும். இருந்தும் ஓடுகிறது, காரணம் வேலை நுணுக்கம். இறந்த குழந்தையின் பெயரில் பாஸ்போர்ட் வாங்குவது, பிரித்து மறைக்கக்கூடிய துப்பாக்கியைச் செய்யச் சொல்வது என்று ஒவ்வொரு படியாக நகர்கிறது. குறையும் இருக்கிறது: கொலையாளியின் மனம் கடைசிவரை திறப்பதே இல்லை. பாத்திரங்களோடு பழக விரும்புகிறவருக்கு அது வறட்டுப் புத்தகம்.

பக்கனின் நாவல் ஓட்டத்தில் கெட்டி, தற்செயலில் மோசம். ஸ்காட்லாந்தில் ஓடி ஒளியும் நாயகன் தஞ்சம் கேட்டு நுழையும் வீடு, எதிரியின் வீடாகவே அமைந்துவிடுகிறது! இன்று எழுதினால் 'லாஜிக் ஓட்டை' என்று கிழித்துவிடுவார்கள்.

ஃபிரான்சிஸ் ஐல்ஸின் 'மாலிஸ் அஃபோர்தாட்' (1931) இன்னொரு சிக்கல். மனைவியைக் கொல்ல டாக்டர் முடிவு செய்துவிட்டார் என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடும். 'கொலைகாரன் முதல் பக்கத்திலேயே தெரிஞ்சுபோச்சு, மொக்கை' என்று இதற்கு மதிப்பெண் போட்டால் தவறு படித்தவருடையது. இது சஸ்பென்ஸ். தொங்கவிடுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். பாத்திரங்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதால் நாம் அந்தரத்தில் தொங்குகிறோம். தமிழில் 'தவிப்பு' இதற்குப் பொருந்தும்.

சரி, திரில்லருக்கு? 'துப்பறியும் நாவல்' என்ற பெயர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்ற 20ஆம் நூற்றாண்டுத் தொடக்க எழுத்தாளர்களின் கதைகளுக்குச் சரியாக உட்காரும், ஆனால் அது துப்பு தேடுகிற ஆள் இருக்கும் கதைக்கு மட்டும். 'திகில்' பேய்க்கதைக்கும் கொடூரக் கதைக்கும் போய்விட்டது. 'விறுவிறுப்பு' உடம்புச் சொல். விஷம் ஏறும்போதும் மிளகாய் பட்டபோதும் விறுவிறுக்கும். பொருளளவில் திரில்லுக்கு மிக நெருக்கம். ஆனால் வழக்கில் அது வேகத்தைக் குறிக்கும் பாராட்டாகிவிட்டது. காதல் கதையும் விறுவிறுப்பாக இருக்கலாம், எனவே வகைப்பெயராக நிற்காது.

மிஞ்சுவது 'பரபரப்பு'. செய்தித்தாள் தலைப்புகளில் தேய்ந்த சொல்தான். ஆனாலும் 'கை பரபரக்குது' என்று வீட்டில் சொல்கிறோமே, அடுத்த பக்கத்தைப் புரட்டத் துடிக்கும் கைக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? 'பரபரப்புப் புதினம்' என்றால் நாக்கு இடறும். 'பரபரப்பு நாவல்' போதும். ஆங்கிலச் சொல்லையே எழுதுவதானால் 'திரில்லர்' என்று எழுதலாம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் 'த்ரில்லர்' இலக்கணத்துக்கு ஒத்துவராது.