மழை இல்லாமலே துளிர்க்கும் மரங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் வட சென்னைத் தெருக்களில் துடைப்பத்துக்கு ஓய்வே கிடையாது. வாசலைக் கூட்டிவிட்டு உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் சருகு. வியாசர்பாடியில் புங்கையடியில் நிறுத்திய ஆட்டோவின் கூரையை மஞ்சள் இலை மூடிவிடும். பெரம்பூர் பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள் பாதி மொட்டையாக நிற்கும். "மரம் பட்டுப்போச்சு, ஆளை வெச்சு வெட்டிடலாம்" என்று தெருவில் ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

கொஞ்ச நாள் பொறுத்தால் அதே புங்கை, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் இளம்பச்சைக் கொழுந்தோடு நிற்கும். இதில்தான் வேடிக்கை. இடைப்பட்ட நாட்களில் ஒரு சொட்டு மழை பெய்திருக்காது. வெயில் நாளுக்கு நாள் ஏறியிருக்கும். அப்படியிருக்க, கொழுந்து விடத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பதில் அந்தச் சருகிலேயே இருக்கிறது. ஓர் இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்க அவை திறக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியே போகும். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் செலவாகிறது. இலைக்கு வயதாக ஆக, இந்தத் துளைகளை இறுக்கி மூடும் திறனும் குறைகிறது. மாசி, பங்குனி வெயிலில் கிழட்டு இலைகளை வைத்துக்கொண்டிருப்பது மரத்துக்கு நஷ்டம். அதனால் உதிர்த்துவிடுகிறது. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் மொட்டைமாடித் தொட்டியில் மட்டம் ஏறுவதுபோல, இலை போனதும் வேர் ஏற்றுகிற நீர் தண்டிலேயே தங்குகிறது. மொட்டு விரிய அந்த அழுத்தம் போதும்.

வேருக்கு நீர்? சென்னைக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. மேல்மண் பொங்கலுக்குப் பிறகு காய்ந்தாலும் ஆழத்தில் ஈரம் இருக்கும். வேம்புக்கும் புங்கைக்கும் அந்த ஆழத்துக்குப் போகும் வேர் உண்டு.

உதிர்ப்பதும் கன்னாபின்னாவென்று நடப்பதில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் சுவரோரம் நிற்கும் பாதாம் மரத்தைப் பாருங்கள்; பையன்கள் கல்லால் உடைத்துப் பருப்பு தின்பார்களே, அதுதான். விழுமுன் அதன் இலை ரத்தச் சிவப்பாகும். மரம் பச்சையத்தைப் பிரித்து, இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் உருவாகும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் நமக்குத் தெரியும் சிவப்பு. கடைசியில் காம்பின் அடியில் ஒரு செல் அடுக்கு தளர்ந்து பிரிய, இலை கழன்று விழுகிறது. நாம் கூட்டி அள்ளுவது சாறு உறிஞ்சிய சக்கை. அதைத் தெருமுனையில் குவித்துக் கொளுத்தி, ஊரையே இரும வைப்பவர்களுக்கு ஒரு குழி தோண்டி மூட ஏன் மனசு வருவதில்லையோ!

சரி, துளிர்க்கும் நாளை மரம் எப்படித் தெரிந்துகொள்கிறது? குளிர்நாடுகளில் வெப்பம் ஏறுவது ஒரு முக்கிய அடையாளம். நம் ஊரில் குளிர்காலமே பேருக்குத்தான். மழையும் அடையாளமாக முடியாது, அதுதான் வரவே இல்லையே. மிச்சம் இருப்பது பகலின் நீளம். சென்னையில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் 21 வரை கணக்குப் பார்த்தால் பகல் நீள்வது அரை மணி நேரம்தான். மார்ச் வாக்கில் அது ஒரு நாளைக்கு முக்கால் நிமிடம் அளவுக்கு ஏறும். வருடத்திலேயே பகல் வேகமாக நீளும் நாட்கள் அவை. இந்தச் சின்ன வித்தியாசம் மரத்துக்குப் போதுமா என்ற சந்தேகம் நியாயமானது. தாவரவியலாளர் ரால்ஃப் போர்ச்சர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் கோஸ்டாரிகா, தாய்லாந்து உள்ளிட்ட இடங்களின் வறண்ட காட்டு மரங்களை ஆராய்ந்து, அரை மணி நேரத்துக்குள்ளான மாற்றமே மழையில்லாமல் துளிர்க்க வைக்கப் போதும் என்று 2002இல் எழுதினார்கள். செடிகொடிகளில் ஃபைட்டோகுரோம் என்ற ஒரு நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளியில் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல மெல்ல இன்னொரு வடிவம் என்று அது மாறுவது, இரவின் நீளத்தை அளக்க உதவுகிறது.

மழைக்கு முன்பே துளிர்ப்பதில் லாபம் உண்டு. மேகமில்லாத வானம், வருடத்தின் பலத்த வெளிச்சம். இலை தின்னும் பூச்சிகள் பெருகுவது பெரும்பாலும் மழைக்குப் பிறகு. அதற்குள் இலை முற்றித் தடித்துவிடும். கோயில் அரசமரத்தின் கொழுந்தை ஒன்று பறித்துப் பாருங்கள். செம்பு நிறம், பட்டுத்துணிபோல் மெல்லிசு, நிமிராமல் தொங்கும், வால் மட்டும் நீளமாக. பச்சையம் இன்னும் முழுக்கச் சேராத அந்தப் பருவத்தில், கடும் வெயிலிலிருந்து திசுவைக் காப்பதும் அதே ஆந்தோசயனின்தான். தொங்குவதால் உச்சி வெயிலும் நேராக விழாது. வேம்பின் கொழுந்தும் இதே செந்நிறம்தான். சித்திரை முதல் நாள் பச்சடிக்கான பூவும் இந்தச் சமயத்தில்தான் கொத்துக் கொத்தாக வரும்.

இந்தக் கொழுந்தும் பூவும் சேமித்த மாவுச்சத்தில் வளர்பவை. புது இலை முற்றிச் சம்பாதிக்கத் தொடங்கும்வரை மரத்தின் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும். மின்கம்பியில் படுகிறது என்று பல தெருக்களில் கிளைகளை மொட்டையடிப்பது சரியாக இந்த நேரத்தில்தான். வெட்டியே தீர வேண்டுமென்றால் இலை உதிர்ந்து மொட்டு விரியாத நாட்களில் வெட்டலாம். பட்ட கிளையா என்று சந்தேகம் வந்தால் அரிவாளுக்கு முன் நகத்தை எடுங்கள். சுள்ளியின் பட்டையை லேசாகக் கீறினால், உள்ளே ஈரமான பச்சை தெரியும் கிளைக்கு உயிர் இருக்கிறது.