பாழூர்: சொல் விளக்கம்

'கைவிடப்பட்ட மத்தியகாலக் கிராமம்' என்று நீட்டி முழக்குவதை 'இடைக்காலப் பாழூர்' என்று முடிக்கலாம். நீண்ட தொடர் இங்கிலாந்துத் தொல்லியலாளர் வழக்கின் மொழிபெயர்ப்பு. அங்கே இவ்வகை ஊர்களை ஆராயவென்றே 1952இல் ஒரு குழு அமைந்தது. யோக்சயரிலுள்ள வாரம் பேர்சி (Wharram Percy) என்ற பாழூரை 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தோண்டினார்கள்.

பாழ் என்றால் வெறுமை. பரிபாடலில் சுழியத்துக்கும் அதுதான் பெயர். ஆளொழிந்த சீறூர் வீட்டைக் குறுந்தொகை 41 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்' என்கிறது. போரில் இடம்பெயர்ந்தவர்களின் ஊருக்கு மட்டும் இச்சொல்லைப் போடவேண்டாம். அங்கே காணிக்காரர் உயிரோடு இருக்கிறார்கள்.

'இடிபாடு' என்ற சொல் வட இலங்கையின் வன்னிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வாரம் பேர்சியில் வீட்டு அடித்தளங்கள் புல்லுக்கடியில் புடைத்துத் தெரியும். இங்கே மண்சுவரும் வேய்ந்த கூரையும். ஆள் போனால் சில மாரியிலேயே கரைந்துவிடும். மிஞ்சுவது குளக்கட்டு, அதன் உடைப்பு, துருசுக் (மதகுக்) கற்கள். வீடுகள் இருந்த திட்டுக்கு 'ஊர்நத்தம்' என்ற சொல் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரியிலிருந்து கழித்த நிலங்களுள் ஒன்றாக வரும் அருமையான சொல், மீட்டெடுக்கலாம்.

நத்தத்தைக் குளக்கட்டின் அந்தங்களிலும் கட்டுக்குக் கீழேயுள்ள மேட்டுநிலத்திலும் தேடவேண்டும், கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று கேட்டறிந்த பிறகு. சாம்பல் கலந்த கருமண், நடுக்காட்டில் ஒரு கிழட்டுப் புளி, காலடியில் ஓட்டாஞ்சில்லு: மூன்றும் சேர்ந்தால் நின்று பார்க்கலாம். 10 மீற்றர் சதுரங்களாகக் கயிறு பிடித்து, சதுரத்துக்கு எத்தனை சில்லு என்று எண்ணிக் குறியுங்கள். பானையின் வாய் விளிம்புத் துண்டுகளைத் தனியாக வையுங்கள். காலம் பெரும்பாலும் அந்த வளைவில்தான் பிடிபடும், வயிற்றுத் துண்டு அதிகம் பேசாது. தோண்டுவதானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

பிழை நேரும் இடங்களும் தெரிந்தவைதான். செங்கல் குவியலை வீடு என்று எழுதிவிடுவார்கள். அது பெரும்பாலும் கோயிலோ விகாரையோதான். புல்டோசர் போட்டுத் திருத்திய குளக்கட்டில் கிடைத்த சில்லை வைத்துக் கட்டின் காலத்தைச் சொல்லக்கூடாது, அந்த மண் வேறெங்கோ வெட்டியது. உடைப்புக்குக் கீழே பரவிக் கிடக்கும் சில்லுகளை நத்தம் என்று நினைப்பதும் உண்டு. ஒன்றை எடுத்து உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளம் உருட்டி வந்தது மழுங்கியிருக்கும். உடைந்த இடத்திலேயே கிடந்தது இன்னும் விரலில் குத்தும்.