கணினி உங்களுடையது, திறப்பு யாருடையது?

மை நிரப்பிப் பாவிக்கும் அச்சுப்பொறிகள் திருத்த வரும்போது பலவற்றுக்கு நோய் ஒன்றுதான். சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும், தாள் நகராது. திறந்து பார்த்தால் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. அச்சுத்தலையைச் சுத்தம் செய்யும்போது வடிகிற கழிவு மையை உறிஞ்சுவதற்கு அடியில் ஒரு பஞ்சுப் பட்டை இருக்கிறது. அது இதுவரை எவ்வளவு மை குடித்திருக்கும் என்று அச்சுப்பொறிக்குள் இருக்கும் மென்பொருள் கணக்கு வைத்துக்கொண்டே வரும். கணக்கு எல்லையைத் தொட்டதும் இயந்திரம் வேலையை நிறுத்திவிடும். பட்டையைக் கழற்றிக் கழுவிக் காயவைக்கலாம், இல்லாவிட்டால் புதிதாகப் போடலாம். பெரிய செலவில்லை. ஆனால் பல மாதிரிகளில் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கும் மென்பொருளை உற்பத்தி நிறுவனம் தன்னுடைய சேவை நிலையங்களுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது.

பரீட்சைக் காலத்தில் வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும் போட்டோக்கொப்பிக் கடைக்காரர் என்ன செய்வார்? இணையத்தில் தேடி, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு 'ரீசெற்' மென்பொருளை இறக்குவார். அது கேட்டுக்கொண்டபடி வைரஸ் தடுப்பை நிறுத்துவார். அச்சுப்பொறி இயங்கத் தொடங்கும். சில நாட்களில் கணினி என்னிடம் வரும். கோப்புகளின் பெயரெல்லாம் மாறி, எதுவும் திறக்காத நிலையில். காசு கொடுத்து வாங்கிய, பழுதில்லாத இயந்திரத்தை இயக்குவதற்காக ஒரு மனிதர் தன் பிள்ளைகளின் படங்களையும் கடைக் கணக்கையும் இழக்கிறார். திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து இந்தக் கதை என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு இது வைரஸ் பற்றிய கதையாகத் தெரியவில்லை. பொருளை வாங்கியவருக்கு அதன்மேல் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வியாகவே தெரிகிறது.

வாங்கியவர் தானே படித்து, மாற்றி, பிறருக்கும் கொடுக்கக்கூடிய மென்பொருளைக் கேட்கும் இயக்கம் ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கம் என்பார்கள். அதன் தொடக்கத்திலும் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் நிரலாளராக இருந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்தவர்களின் திரைக்கு உடனே செய்தி போகும்படி அதன் மென்பொருளை அவர் மாற்றி வைத்திருந்தார். பிறகு செரொக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய, படித்து மாற்றக்கூடிய மென்பொருள் வரிகள், வரவில்லை. தாள் சிக்கியது யாருக்கும் தெரியாமல் எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த நிரல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருந்தது. ஸ்டோல்மன் நேரில் போய்க் கேட்டார். எவருக்கும் கொடுப்பதில்லை என்று நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

1983 செப்டெம்பர் 27ஆம் திகதி, முழுக்க முழுக்கக் கட்டற்றதான ஓர் இயங்குதளத்தை (விண்டோஸ் போல, கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருளை) கட்டப்போவதாக ஸ்டோல்மன் அறிவித்தார். அதுதான் க்னூ திட்டம். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது. 1989இல் க்னூ பொது மக்கள் உரிமத்தின் முதற்பதிப்பு வந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வெளியிட்டு, அடுத்த ஆண்டு அதே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இன்று நாங்கள் லினக்ஸ் என்று சுருக்கிச் சொல்வது க்னூவும் இந்தக் கருவும் சேர்ந்த அமைப்பைத்தான்.

இயக்கம் கேட்பது நான்கு சுதந்திரங்கள். நிரலாளர்கள் எண்ணும் முறைப்படி அவை பூச்சியத்தில் தொடங்குகின்றன. எந்தத் தேவைக்கும் மென்பொருளை இயக்கலாம் என்பது பூச்சியமாவது. அது எப்படி வேலை செய்கிறது என்று படித்து, வேண்டியபடி மாற்றலாம் என்பது முதலாவது. இதற்கு மூலநிரல் கைக்கு வரவேண்டும். பிரதி எடுத்து அயலவருக்குக் கொடுக்கலாம் என்பது இரண்டாவது. மாற்றியமைத்த வடிவத்தையும் ஊருக்குக் கொடுக்கலாம் என்பது மூன்றாவது. விலையைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. கட்டற்ற மென்பொருளை விற்கலாம், நிறுவிக்கொடுத்துக் கூலி வாங்கலாம். நானும் வாங்குகிறேன். ஆனால் க்னூ உரிமத்தில் ஓர் உறுதியான நிபந்தனை உண்டு: மாற்றிய மென்பொருளை நான் பிறருக்குக் கொடுத்தால் இந்தச் சுதந்திரங்களையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். வாங்கியவரிடமிருந்து மூலநிரலை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

"எனக்கு நிரல் எழுதத் தெரியாதே, மூலநிரலை வைத்து நான் என்ன செய்வது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கிணற்று மோட்டாருக்கு வயர் சுற்றவும் எல்லாருக்கும் தெரியாது. ஆனாலும் அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார். அந்த உரிமை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நகரில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் அனுபவத்தில் பார்த்தேன். அவர் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு மென்பொருள் பாவித்தார். பின்பக்கம் யூஎஸ்பி பூட்டு ஒன்று செருகியிருந்தால்தான் அது திறக்கும். ஒருநாள் பூட்டு பழுதாகிவிட்டது. விற்ற நிறுவனத்தின் தொலைபேசி இயங்கவில்லை. கொழும்பு அலுவலகமும் மூடியாயிற்று. யார் யார் எவ்வளவு கடன், எந்தக் களஞ்சியத்தில் எத்தனை மூடை என்ற விவரமெல்லாம் வன்தட்டில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருள் ஒன்றைத் தவிர வேறு எதனாலும் அதை வாசிக்க முடியாது. கடைசியில் பழைய சிட்டைகளை எடுத்து, ஒரு தம்பியைச் சம்பளத்துக்கு அமர்த்தி, முதலிலிருந்து பதிந்தார்கள். சிட்டை கிடைக்காத கடன்கள் போனதுதான்.

இங்கே ஒரு கசப்பான விடயத்தையும் பேசவேண்டும். "நாங்கள் விண்டோஸுக்குக் காசா கொடுக்கிறோம்? எங்களுக்கு அதுவும் இலவசம்தானே" என்று வாடிக்கையாளர்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் திருட்டுப் பிரதி பாவிப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. சட்டப்படி அது குற்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் காக்கிறது. சட்டத்தை விடவும் எனக்கு உறுத்துவது வேறொன்று. பூட்டை உடைக்கும் 'அக்டிவேட்டர்' என்ன செய்கிறது என்று உங்களாலும் பார்க்க முடியாது, என்னாலும் பார்க்க முடியாது. முன்பு ஒரு நிறுவனத்தை நம்பியிருந்தோம். இப்போது முகம் தெரியாத ஒருவரையும் சேர்த்து நம்புகிறோம். திருடிய பிரதியிலும் மூலநிரல் இல்லை. பழுதைத் திருத்தும் உரிமை இல்லை. அயலவருக்குத் தலைநிமிர்ந்து கொடுக்கும் உரிமையும் இல்லை. அந்த நான்கு சுதந்திரங்களில் ஒன்றுகூட அங்கே கிடைக்காது.

நேர்மையாகக் காசு கட்டியவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. மாதச் சந்தாவில் வடிவமைப்பு மென்பொருள் பாவித்த சிறிய அச்சகங்களுக்கு ஒரே வருமானத்தில் செலவு மட்டும் ஏறியது. சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். தாங்களே வரைந்த அழைப்பிதழ் வடிவங்களைத் தாங்களே திறந்து திருத்த முடியாமற்போகும்.

இப்போது புதிய மடிக்கணினிகளோடு இன்னொரு துயரம் வந்திருக்கிறது. விண்டோஸ் 11இல் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கணினிகளில் வன்தட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது, அதாவது திறப்பு இல்லாமல் யாராலும் வாசிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறப்பு அந்த இணையக் கணக்கில் போய்ச் சேர்கிறது. குறியாக்கம் நல்லது, கணினி களவுபோனால் உங்கள் தரவு தப்பும். ஆனால் அந்தக் கணக்கை யார் தொடங்கினார்? பெரும்பாலும் விற்ற கடைப் பையன், ஏதோ ஒரு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போட்டு. தாய்ப்பலகையை மாற்றியதும் நீலத் திரை 48 இலக்கங்களைக் கேட்கும்போது, அந்த மின்னஞ்சல் எது என்று எவருக்கும் தெரியாது. பல்கலைக்கழக ஆய்வேட்டை இப்படி இழந்து என் முன்னால் நின்று அழுத மாணவிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. லினக்ஸிலும் வன்தட்டைக் குறியாக்கலாம். அங்கே கேட்டுவிட்டுத்தான் செய்யும். கடவுச்சொல்லை நீங்களே வைப்பீர்கள், வேறெங்கும் போகாது. மறந்தால் அங்கும் தரவு போய்விடும். ஆனால் எதைப் பூட்டினோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

மென்பொருளைப் பகிர்வதால் ஊருக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சஹானாவைப் பற்றித்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையை எப்படி அடித்தது என்று நிலாவெளியிலும் மூதூரிலும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது, எங்கே என்ன தேவை என்பதை ஒழுங்காகப் பதிய ஒரு வழி இல்லாமல் நாடு தடுமாறியது. அப்போது இலங்கை மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டாகச் சேர்ந்து எழுதியதுதான் சஹானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். அதனால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது கைகொடுத்தது. சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கே கொடுத்தது. பேரழிவு நேரத்தில் உரிமக் கட்டணம் பேசிக்கொண்டிருக்க யாருக்கும் பொழுதில்லை. எங்கள் கண்ணீரிலிருந்து பிறந்த ஒரு மென்பொருள், இன்னொரு நாட்டின் முகாமில் காணாமற்போனவர்களைத் தேட உதவியது என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. ஃபயர்ஃபொக்ஸ் உலாவியும், வேர்ட், எக்செல் செய்யும் வேலைகளைச் செய்யும் லிப்ரே ஒஃபிஸும் தமிழ் இடைமுகத்தோடு கிடைப்பது, தொண்டர்கள் இரவிரவாக உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான். தமிழ்ச் சந்தை போதுமா என்று எந்த நிறுவனத்திடமும் அவர்கள் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. நோட்டோ, லோகித் போன்ற தமிழ் எழுத்துருக்களும் அப்படியே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எங்கள் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு நடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். பெயர் போட்டுத் தேடவும் முடியாது. இனியாவது எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியில் (யூனிகோட்) அடிக்கத் தொடங்குங்கள் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் மன்றாடுகிறேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவது) முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்கள் வீடுகளிலும் பாடசாலைகளிலும் ரியூசன் நிலையங்களிலும் இருப்பவற்றில் மிகப் பல நான்காம், ஆறாம் தலைமுறை இயந்திரங்கள். அவை நன்றாக ஓடுகின்றன. அவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும். கேரளத்தில் அரசுப் பாடசாலைகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. அதிபர்மார் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கவேண்டும்.

எல்லாரும் நாளைக்கே மாறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டோகேட்டில் வரைபடம் கீறுபவருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. பேஜ்மேக்கரில் பழைய மலர்களை வைத்திருக்கும் அச்சகம் அந்தக் கணினியை அப்படியே வைத்திருப்பதுதான் புத்தி. சிக்கலான அட்டவணையுள்ள வேர்ட் கோப்பு லிப்ரே ஒஃபிஸில் திறக்கும்போது கொஞ்சம் இடம் மாறலாம். சில வைஃபை சில்லுகளும் அச்சுப்பொறிகளும் லினக்ஸில் வம்பு பண்ணும். கைத்தொலைபேசியில் நிலைமை இன்னும் மோசம். அன்ட்ரொய்டின் அடியில் லினக்ஸ் கரு இருந்தாலும், மேலே ஓடும் செயலிகள் பெரும்பாலும் பூட்டியவைதான்.

ஆகவே இயங்குதளத்தில் கைவைக்காமல் தொடங்குங்கள். இப்போதிருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், படம் பாட்டுப் போடும் விஎல்சி ஆகியவற்றை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து இறக்கிப் பாவித்துப் பாருங்கள். படவேலை செய்பவர்களுக்கு கிம்ப், இங்ஸ்கேப் இருக்கின்றன. கை பழகிய பிறகு லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் போட்டு, கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். சற்று மெதுவாக இருக்கும். ஆனால் வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். அதன்பின் வெளி வன்தட்டில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுத்தான் நிறுவவேண்டும். பிரதி எடுக்காமல் நிறுவித் தரச் சொல்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

புதிய மடிக்கணினி வாங்குகிறவர்கள் கணக்கைக் கடையில் தொடங்கவிடாமல் தங்கள் மின்னஞ்சலில் தாங்களே தொடங்குங்கள். மீட்புத் திறப்பைத் தாளில் அச்சிட்டுக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். கடைக்கோ சங்கத்துக்கோ கணக்கு மென்பொருள் வாங்குகிறவர்கள், பதிந்த தரவு முழுவதையும் எந்த நாளிலும் விரிதாளாக வெளியே எடுக்க முடியுமா, சந்தா நின்ற பின்பும் எடுக்க முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். முடியும் என்று சொன்னால் உங்கள் முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை லிப்ரே ஒஃபிஸில் திறந்து பார்த்துவிட்டு, அதே வாக்குறுதியை விலைமனுவில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.