எட்டு கோர் போதும், கடை கிட்ட இருக்கணும்

நுவரெலியாவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி கேம் விளையாட ஒரு பெரிய கொம்பியூட்டர் கட்டப் போகிறான். “அண்ணே, எட்டு கோருக்குப் பதிலா இருபத்துநாலு கோர் எடுத்தா மூணு மடங்கு வேகமா ஓடும்தானே?” என்று கேட்டான். கோர் என்பது கொம்பியூட்டரின் மூளையான புரொசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. வகுத்தல் சரி. கேம்தான் அதற்குக் கட்டுப்படாது.

திரையில் செக்கனுக்கு 144 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 6.9 மில்லிசெக்கன். அதற்குள் புரொசஸர் நீங்கள் அழுத்திய பட்டனைப் பார்த்து, குண்டு எங்கே பட்டது, எதிரி விழுந்தானா, சுவர் இடிந்ததா என்று தீர்மானித்து, எதை வரைய வேண்டும் என்ற பட்டியலை கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிட வேண்டும். குண்டு பட்டதா என்று தெரியும் முன்பே எதிரியை விழுத்த முடியாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, நூறு பேருக்குப் பதில் இருநூறு பேர் வந்தால் மலையில் கொழுந்தைப் பாதி நேரத்தில் எடுத்துவிடலாம். ஆனால் பெக்டரி மாடியில் கொழுந்து வாடப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். வாடாததை ரோலரில் போட முடியாது. எத்தனை பேர் சுற்றி நின்றாலும் கொழுந்து அவசரப்படாது. இதைத்தான் அமெரிக்கக் கொம்பியூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் கொம்பியூட்டருக்குச் சொன்னார். வேலையில் பாதி வரிசையாகத்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோரை விட எட்டு கோர் 1.78 மடங்கு வேகம். இருபத்துநாலு கோர் 1.92 மடங்கு. மூன்று மடங்கு ஆட்கள், நூற்றுக்கு எட்டு லாபம். இன்டெல் கோர் ஐ9 14900கே என்ற புரொசஸரின் 24 கோரிலும் 8தான் பெரியவை, மற்ற 16 சின்னவை.

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? என்னைக் கேட்டால், காத்திருப்பு எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்து.

5 கிகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 500 கோடி முறை துடிக்கும் புரொசஸரின் ஒரு துடிப்பு 0.2 நனோசெக்கன். ஒளியே அதற்குள் 6 சென்ரிமீற்றர்தான் போகும். புரொசஸருக்கு வெளியே இருக்கும் தற்காலிக நினைவகமான ரெம்மிலிருந்து ஒரு தகவல் வர ஏறக்குறைய 80 நனோசெக்கன், அதாவது 400 துடிப்பு. துடிப்பை ஒரு செக்கன் என்று நீட்டிப் பார்ப்போம். புரொசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்தான் கேஷ். கோரை ஒட்டியிருக்கும் முதல் கேஷ், அடுப்படித் தட்டு: கையை நீட்டி எடுக்க நாலைந்து செக்கன். மூன்றாம் நிலைக் கேஷ், லயத்தின் கோடிக் காம்பரா: ஐம்பது செக்கன் சொச்சம். ரெம், ரோட்டுக் கடை: ஏழு நிமிஷம். கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி என்றால் சில நாள் பயணம்.

அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு உப்புக்கு ரோட்டுக் கடைக்கு ஓடுகிறவளின் கை எவ்வளவு வேகமாக இருந்தும் என்ன? வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற வேலைகளில் தகவல் வரிசையாக வரும்; அடுத்து எது வேண்டும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். கேமில் ஆயிரக்கணக்கான பொருட்கள் ரெம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன, அடுத்து எது என்பது விளையாடுகிறவனின் விரலில் இருக்கிறது. ஊகம் அடிக்கடி தப்பும். கோடிக் காம்பரா பெரிதாக இருந்தால் கடைக்கு ஓடுவது குறையும்.

2022 ஏப்ரலில் புரொசஸர் கம்பனியான ஏஎம்டி செய்தது இதுதான். ரைசன் 7 5800எக்ஸில் எட்டு கோர், 32 மெகாபைட் மூன்றாம் நிலைக் கேஷ், உச்ச வேகம் 4.7 கிகாஹேர்ட்ஸ். அதே எட்டு கோரின் முதுகில் 64 மெகாபைட் கேஷ் சில்லு ஒன்றை ஒட்டி, மொத்தம் 96 ஆக்கி, 5800எக்ஸ்3டி என்று விற்றார்கள். உச்ச வேகம் 4.5 ஆகக் குறைந்தது. பல கேம்களில் படங்கள் கூடின. முதுகில் ஏற்றியது தூரத்துக்குப் பயந்து: பக்கவாட்டில் பரப்பினால் கம்பி நீளும், நேரம் போகும். ஆனால் சூடான கோருக்கு மேலே அந்தச் சில்லு கம்பளி போர்த்தியது மாதிரி. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கம்பளியை மெத்தையாக்கி, கேஷைக் கோருக்கு அடியில் வைத்தார்கள். வேகம் 5.2 வரை போகிறது.

சூடு என்றதும் நம்மூர்க் குளிர் ஞாபகம் வரும். கொழும்பில் அறை 30 பாகை என்றால் இங்கே 16. அந்த 14 பாகையும் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. 1868 மீற்றர் உயரத்தில் வளி மெலிந்தது. குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், அதே மின்விசிறி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்த வளியைத்தான் தள்ளும். அங்கே புரொசஸர் அறையைவிட 50 பாகை கூடச் சுடுமென்றால், இங்கே 56, 57 கூடச் சுடலாம். கழித்துப் பார்த்தால் ஏழெட்டுப் பாகை மிச்சம். அதுவும் நல்லதுதான், தண்ணீர்க் குளிரூட்டிக்குக் காசு கொட்ட அவசரமில்லை. பனிமூட்டம் உள்ளே போய் நனைக்குமா என்று தம்பியின் அம்மாவுக்குப் பயம். ஓடுகிற மெஷின் அறையைவிடச் சூடாக இருக்கும். ஈரம் படிவது குளிர்ந்த பொருளில்தான்.

இப்போது கையில் உள்ள மெஷினிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேமின் ரெசொலூஷனை, அதாவது ஒரு படத்தில் வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துப் பாருங்கள். படங்கள் கூடினால் திணறுவது கிராபிக்ஸ் கார்ட். அப்படியே நின்றால் பெரும்பாலும் புரொசஸர். புள்ளிகள் மிகுந்த 4கே திரையில் அனேகமாகக் கார்ட்தான் முதலில் களைக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன், “ஸ்கிரீன் என்னடா?”

“வீட்டு டிவிதான் அண்ணே.”

செக்கனுக்கு 60 படம் காட்டும் டிவி. ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன் அவகாசம். நடுத்தர விலை ஆறு கோர் புரொசஸரே பெரும்பாலான கேம்களில் அதற்குள் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். தம்பி இப்போது மொனிட்டர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.