இணையத்தில் வாங்கிய ‘கவச அங்கி’ எதைத் தாங்கும்?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டிகளில் இப்போது ஒரு புதுச் சாமான் வருகிறது. அமெரிக்க மரீன் படையினர் ஈராக்கில் போட்ட மொடியூலர் ரக்ரிக்கல் வெஸ்ற் என்ற கவச அங்கியின் நகல் அது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் எயார்சொஃப்ட் விளையாடுகிற பெடியள் போடுவது. பிளாஸ்ரிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்குகளோடு இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவார்கள். துவக்கை அங்கேயே வைத்துவிட்டு, மச்சானுக்குக் காட்டவும் படம் எடுக்கவும் வெஸ்ற்றை மட்டும் கொண்டு வருகிறார்கள். திரும்பும்போது மச்சானிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் மிதிவெடி அகற்றும் பணியாளர்களின் பாதுகாப்பு உடைகளைச் சோதிப்பது என் தொழில். ஆகவே அந்த மச்சான்மார் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணை, இது ரவை தாங்குமே?”

தாங்காது. நகலாகச் செய்த எதுவும் தாங்காது. ஆனால் இந்தப் பதிலை மட்டும் சொல்லி அனுப்பினால் கேட்டவர் முகத்தில் நம்பிக்கை வருவதில்லை. ஏனென்றால் சாமான் பார்வைக்கு அவ்வளவு உண்மையாக இருக்கிறது.

உண்மையான வெஸ்ற்றை 2006இல் மரீன் படை தேர்ந்தெடுத்தது. அதற்கு முன் பாவித்த இன்ரர்செப்ரர் என்ற கவசத்துக்குப் பதிலாக வந்தது. உள்ளே பல அடுக்கு நெசவுக் கவசம் கைத்துப்பாக்கி ரவையையும் வெடிச் சிதறல்களையும் மறிக்கும். நெஞ்சிலும் முதுகிலும் விலாவிலும் சொருகும் செராமிக் பிளேற்றுகள் ரைபிள் ரவையை மறிக்கும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 13 கிலோ. பாரம் கூட, தலைவழியாகத்தான் போட வேண்டும், கழற்றும்போது காதையும் முகத்தையும் உரசுகிறது என்று படையினரே முறையிட, 2008 தொடக்கத்தில் மேலதிகக் கொள்வனவை நிறுத்தினார்கள். நகல் செய்தவர்கள் அந்தத் தலைவழி வாசலை அச்சொட்டாகப் பிரதி எடுத்திருக்கிறார்கள். கவசத்தைத்தான் விட்டுவிட்டார்கள். நகலின் உள்ளே பிளேற் பைக்குள் கையை விட்டால் வருவது செருப்பு அடியில் இருப்பது போன்ற ஒரு பஞ்சுத் தகடு. முழு அங்கியும் இரண்டு மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆகவே முதற் சோதனைக்கு ஒரு தராசே போதும்.

கணக்கையும் பாருங்கள். எயார்சொஃப்ட் குண்டு 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக்; வழக்கமான நிறை 0.20 கிராம். செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் வந்தால் அதன் சக்தி 1 ஜூல். 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவையில் இருப்பது ஏறத்தாழ 500 ஜூல். இங்கே எல்லாருக்கும் தெரிந்த ரி-56 துவக்கின் ரவையில் ஏறத்தாழ 2000. ஒரு ஜூலுக்கென்று தைத்த துணியிடம் இரண்டாயிரத்தை எதிர்பார்க்கக் கூடாது.

விற்பனைப் பக்கத்தில் ‘நிலை 3’ என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அமெரிக்க நீதித் திணைக்களத்தின் என்ஐஜே தரத்தில் அந்த நிலைகள் உண்மையில் உண்டு. 3ஏ என்பது பலமான கைத்துப்பாக்கி ரவைகள் வரை, 3 என்பது ரைபிள் ரவை, 4 என்பது கவசம் துளைக்கும் ரைபிள் ரவை. ‘3+’ என்று ஒரு நிலை அந்தத் தரத்தில் இல்லவே இல்லை. அது விற்பவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. 2023 நவம்பரில் வந்த புதிய பதிப்பில் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். சோதித்த கவசம் என்றால் உள்ளே இருக்கும் கவசத் தகட்டிலேயே செய்த நிறுவனம், மொடல், தொகுதி இலக்கம், செய்த திகதி எல்லாம் எழுதிய லேபல் இருக்கும். வெளித் துணியில் வெல்குரோவால் ஒட்டிய சின்னம் லேபல் ஆகாது.

சரி, விளையாட்டுக்கு வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? வெளிநாட்டில் விளையாடுகிற தம்பிமாருக்காக இதையும் எழுதுகிறேன். அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். இந்த அங்கியின் வேலை மகசின், ரேடியோ, தண்ணீர் எல்லாவற்றையும் உடம்போடு அசையாமல் வைத்திருப்பது. ஆகவே நான் முதலில் பார்ப்பது வெளியில் வரிவரியாகத் தைத்திருக்கும் நாடாக்களைத்தான். பைகளைக் கோர்த்துக் கொழுவும் இந்த மோலி முறையில் நாடாவின் அகலம் 25 மில்லிமீற்றர், இரண்டு நாடாவுக்கு இடைவெளியும் 25, குறுக்குத் தையல் ஒவ்வொரு 38 மில்லிமீற்றருக்கும். அடிமட்டத்தை வைத்து அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மலிவு நகல்களில் இந்தக் குறுக்குத் தையல் விலகியிருக்கும். அப்போது வேறு இடத்தில் வாங்கிய பை ஏறாது, ஏறினாலும் ஓடும்போது அடித்துக்கொண்டிருக்கும். தையல் முடியும் இடத்தில் நூல் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடி இறுகியிருக்க வேண்டும். விரலை நாடாவுக்குள் விட்டு இழுங்கள். துணி சுருங்கி நூல் தெரிந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

துணி அடுத்தது. நல்லவை தடித்த நைலோன், மலிவானவை பெரும்பாலும் பொலியெஸ்ரர். கொக்கிகளைப் பத்துப் பதினைந்து தரம் பூட்டித் திறந்து பாருங்கள். வெள்ளைக் கீறல் விழுந்தால் அந்தப் பிளாஸ்ரிக் ஒருநாள் உடையும். ஒரே இழுவையில் அங்கி கழன்று விழும் கம்பி முறை இந்த மொடலின் பெருமை. நகலிலும் அது பெரும்பாலும் இருக்கும், ஆனால் கம்பி சிக்குப்பட்டுப் பாதியில் நிற்பதும் உண்டு. வீட்டில் ஒருதரம் இழுத்துப் பார்த்து, திரும்பக் கோர்க்கவும் பழக வேண்டும். வெக்கையில் ஒருவர் தலைசுற்றி விழுந்தால் முதலில் செய்ய வேண்டியது நிழலுக்குக் கொண்டுபோய் அந்த அங்கியைக் கழற்றுவதுதான். அந்த நேரத்தில் கம்பி இறுகி நின்றால் கத்திரிக்கோல் தேட வேண்டிவரும். முதுகில் இருக்கும் இழுக்கும் கைபிடியைப் பிடித்து ஆளை இழுக்காதீர்கள். பல நகல்களில் அது வெளித் துணியோடு மட்டும் தைத்தது.

ஆனால் விளையாடுகிறவர்களில் பலர் வெஸ்ற்றுக்கு ஆயிரம் பார்ப்பார்கள், கண்ணுக்கு ஒன்றும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஜூல் குண்டு நெஞ்சில் பட்டால் ரீசேட்டோடு நின்றாலும் ஒரு சிவப்புத் தழும்புதான். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். ஐரோப்பிய ஈஎன் 166 தரத்தில் எஃப் என்று பொறித்த கண்ணாடி, 0.86 கிராம் உருக்கு உருண்டை செக்கனுக்கு 45 மீற்றரில் மோதுவதைத் தாங்கினால் போதும், அது 0.9 ஜூல்கூட வராது. பி என்று பொறித்தது 120 மீற்றர் வேகத்தைத் தாங்கும், அது 6 ஜூலுக்கு மேல். விளையாட்டுக்குப் பி வேண்டும், அதுவும் பக்கவாட்டையும் மூடுகிற கொகிள்ஸாக. எங்கள் பணியாளர்களின் முகமறைப்பு 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற். அதைத் தின்னர் போட்டுத் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். சவர்க்காரத் தண்ணியும் மென்மையான துணியும் போதும்.

இனி வன்னிக்காரர் கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். பஞ்சுத் தகடு வைத்த அங்கியை மச்சான் சுவரில் கொழுவி வைத்தால் எனக்குக் கவலையில்லை. காணி துப்புரவாக்கப் போகும்போதும் பழைய இரும்பு பொறுக்கப் போகும்போதும் “ஒரு பாதுகாப்புக்கு” என்று அதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மிதிவெடிப் பணியில் போடும் கவசத்துக்கு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐமாஸ் 10.30 என்று சொல்வோம். 1.102 கிராம் உலோகத் துண்டு செக்கனுக்கு 450 மீற்றரில் வந்து மோத, எய்தவற்றில் பாதியையாவது அது மறிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இருப்பது 110 ஜூலுக்கு மேல். 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 240 கிராம் ரிஎன்ரி வெடிமருந்து வெடித்தாலும் காக்க வேண்டும். அந்த 240 கிராம் பிஎம்என் என்ற சோவியத் மிதிவெடியில் இருக்கும் அளவு. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில், முழங்காலில் இருந்து, முறையாகத் தோண்டும் ஒருவருக்காகக் கணித்தது. அதனால்தான் எங்கள் அங்கி முன்பக்கத்தையும் கழுத்தையும் இடுப்புக்குக் கீழேயும் மூடுகிறது.

மிதிக்கிறவருக்கு எந்த அங்கியும் கணக்கில்லை. வன்னியில் நிறைய எடுக்கும் பாகிஸ்தான் பி4 மிதிவெடியில் 30 கிராம் வெடிமருந்துதான். பாதத்தைச் சிதைக்க அது போதும். மரீன் படையின் உண்மையான 13 கிலோ வெஸ்ற்றைப் போட்டுக்கொண்டு மிதித்தாலும் கால் போவது போவதுதான். மரப்பெட்டி மிதிவெடிகளில் பெட்டி உக்கிப்போய் உள்ளே இருப்பது மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு. இவற்றுக்கு ஒரே வழி, தெரியாத இடத்துக்குள் போகாமல் இருப்பதுதான்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 ஜூன் 1 வரை தவணை. முகமாலைப் பக்கம் பழைய முன்னரங்க வரிசைகளில் எத்தனையோ வருடமாக வேலை நடக்கிறது. மிதிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் துப்புரவு என்று அர்த்தமில்லை. பலகையின் தகரத்துக்கும் விலை இருக்கிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பழைய மண் அணையும் பதுங்குகுழியும் விளையாட்டுக்கென்றே செய்து வைத்தது போலத் தெரியும். படம் எடுக்கவும் அங்கே விடாதீர்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள்.

றோட்டிலும் அதைப் போட வேண்டாம். இராணுவ உடை போலத் தெரியும் எதையும் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போனால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதைவிட, ஒழுங்கையால் அப்படி ஒரு உருவம் வருவதைக் கண்டு படலையைச் சாத்துகிற அம்மாமார் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எயார்சொஃப்ட் துவக்கைப் பொதியில் அனுப்பச் சொல்லுமுன், சுங்கத்திடமும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுவிடுங்கள். விளையாட்டுச் சாமான்தானே என்ற விளக்கம் விமான நிலையத்தில் எடுபடாது.

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் எறியத் தேவையில்லை. பஞ்சுத் தகடுகளை வெளியே எடுத்து, அழியாத பேனாவால் இரண்டு பக்கமும் ‘பாதுகாப்பு இல்லை’ என்று பெரிதாக எழுதி, திரும்ப உள்ளே வையுங்கள். அங்கியின் உட்புறத்திலும் எழுதுங்கள். எங்கள் களஞ்சியத்தில் பயிற்சிக்கு வைத்திருக்கும் போலிச் சாமான்களுக்கும் வேறு நிறம் பூசித்தான் வைக்கிறோம், உண்மையானதோடு மாறிவிடாமல் இருக்க. இந்த அங்கிகள் கைமாறும். இன்று உங்களுக்குத் தெரியும் விஷயம், நாளைக்கு அதை உங்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு காணிக்குப் போகிறவருக்குத் தெரியாது.