பீரங்கிக்கு அசையாத குவிமாடம் ஏன் சரிந்தது?

1760இல் பிரஷ்யப் படை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை முற்றுகையிட்டபோது, பீரங்கிகள் ஃபிராவென்கிர்க்கே தேவாலயத்தையும் குறிவைத்தன. குண்டுகள் அதன் கல் குவிமாடத்தில் பட்டுத் தெறித்தன, குவிமாடம் அசையவில்லை.

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து நகரின் மையத்தை எரித்தன. அந்தத் தாக்குதல்களில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். விடிந்த பிறகும் குவிமாடம் நின்றுகொண்டிருந்தது. பிப்ரவரி 15 காலை 10 மணி வாக்கில், மேலே எந்தக் குண்டும் விழாத நேரத்தில், அது தானாகவே சரிந்தது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் கல்லின் குணத்தைப் பார்க்க வேண்டும். அமுக்கினால் கல் அபாரமாகத் தாங்கும்; இழுத்தால் பொசுக்கென்று விரிசல் விடும். குவிமாடத்தில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வெளியிலிருந்து விழும் அடி அந்த நெருக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். பீரங்கி தோற்றது இதனால்தான்.

ஆனால் மணிபோல் கவிழ்ந்த அந்தக் கல் மேடு சுமார் 12,000 டன் எடை. அதைத் தாங்கியவை எட்டே தூண்கள், அவையும் ஒல்லியானவை. பாரம் வெளிச்சுவர்களுக்கும் பரவிவிடும் என்று கட்டட வல்லுநர் கியோர்க் பேர் கணக்குப் போட்டிருந்தார். அது அவர் நினைத்தபடி பரவவில்லை. பலவீனம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வெடிகுண்டுகள் கூரைகளையும் ஜன்னல்களையும் பிய்த்தெறிய, எரிகுண்டுகள் திறந்துகிடந்த வீடுகளுக்குள் நெருப்பு வைத்தன. சூடான காற்று மேலே எழும்ப, சுற்றிலுமிருந்து புதுக்காற்று தரையோடு சீறிப் பாய்ந்தது. இதுதான் தீப்புயல். நெருப்பு தேவாலயத்துக்குள்ளும் புகுந்தது. மர இருக்கைகளும் மாடங்களும் அதற்கு விறகாயின.

கல் எரியாது என்பார்கள். சரி, எரியாது. ஆனால் சூடு தாங்குமா? மணற்கல்லில் வெப்பம் மெதுவாகத்தான் உள்ளே போகும். தூணின் வெளித்தோல் தகிக்கும்போது நடுப்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கும். தோல் விரியப் பார்க்கும், உள்பகுதி விடாது. கடைசியில் தோல் பாளம் பாளமாக உரிந்து விழும்.

மணல் துகளுக்குள்ளேயும் இதே இழுபறிதான். மணற்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ் படிகம். சூடாகும்போது அது ஒரு திசையில் விரிவதைப்போல் இன்னொரு திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் வெவ்வேறு பக்கம் முட்டுவதால் அவற்றை ஒட்டியிருக்கும் பிணைப்பு கிழிகிறது. 573 டிகிரி செல்சியஸில் படிகத்தின் அமைப்பே சட்டென மாறி இன்னும் உப்புகிறது. ஆறும்போது துகள் சுருங்கும்; கிழிந்தது கிழிந்ததுதான்.

தூண்கள் மெலிந்தன, மேலிருந்த எடை மட்டும் குறையவில்லை. ஒரு தூண் நொறுங்கினால் அதன் பங்கும் பக்கத்துத் தூண்களின் தலையில்தான் ஏறும். அப்புறம் நிற்க வழியில்லை.

கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்க அந்தக் கற்குவியல் போர் நினைவாக அப்படியே கிடந்தது. 1994இல் தொடங்கி 2005இல் முடிந்த மறுகட்டுமானத்தில் பழைய கற்கள் ஆயிரக்கணக்கில் திரும்ப ஏறின. பாரத்தை வெளிப்பக்கம் பகிர இந்த முறை எஃகு வளையமும் பூட்டினார்கள். சுவரில் கறுப்பாகத் தெரிபவை பழைய கற்கள். பலரும் அதைத் தீயின் கரி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கல்லில் உள்ள இரும்பும் காற்றும் சேர்ந்து காலப்போக்கில் ஏற்றிய நிறம். வெளிறிய புதுக் கற்களும் மெல்ல மெல்ல அப்படித்தான் கறுக்கும்.